மரியநாயகம் சொன்ன சைபர்

நீங்கள் நாலு பேரும் என்னைவிட நன்றாக இத்தாலியன் கதைக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், சந்தைக்காரனோடு அவன் பாஷையிலேயே சண்டை பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் நம் சனத்துக்கு மொழிபெயர்க்க உங்களை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். "அன்ரி, வந்து உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கூப்பிட்டபோதுதான் அலுப்பு வந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒரேத்தோப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி இங்கே வந்து சேர்வதே எனக்கு இப்போது ஒரு நாள் வேலை.

வந்துவிட்டேன், சொல்கிறேன். சொற்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அவை உங்களிடமே இருக்கின்றன. நான் ஒரு தடவை சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கேட்டபிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, இந்த வயதில் அதற்கெல்லாம் பயப்பட ஏலாது.

நான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனது வாளியும் தரை துடைக்கிற தடியுமாக. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் தீராத நரம்பு நோவோடு வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு பிரிவு இருந்தது. அதன் நடைபாதையைத் துடைப்பது என் வேலை. ஒருநாள் நம் ஆள் ஒருவர் வைத்தியருக்கு முன்னால் கையையும் காலையும் காட்டிக்கொண்டு ஊமை மாதிரி நின்றார். வாளியை வைத்துவிட்டு இரண்டு வசனம் எடுத்துச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு பத்து மணிவரைக்கும் தரை துடைப்பேன், பத்து மணிக்குப் பிறகு மொழிபெயர்ப்பேன். ஒருவரும் எனக்கு எதையும் படிப்பிக்கவில்லை. உங்களுக்காவது ஒரு வகுப்பு வைக்கிறார்கள்.

நோவை இலக்கத்தில் கேட்பார்கள், அது உங்களுக்குத் தெரியும். சைபரிலிருந்து பத்துக்குள் ஒன்று சொல்ல வேண்டும். நம் சனத்திடம் இதைக் கேட்டுப் பாருங்கள்! கபோ சந்தையில் மீன் வெட்டுகிற ஒருவர், "உங்களுக்கு எத்தினை வேணும் அக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தீவுப் பக்கத்து அம்மா ஒருவர், "டொக்டர் பாவம், நல்ல பிள்ளை, ரண்டு எண்டு சொல்லிவிடு" என்றார். அவருக்குக் கட்டிலை விட்டு எழும்பவே ஏலாது. ஒருவரும் நோவைப் பார்த்து இலக்கம் சொல்லவில்லை. எதிரே இருக்கிறவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை வந்தது. உடம்பில் தானாகவே சுரக்கிற ஒரு ஹார்மோனை முதுகெலும்புக்குள், நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில், ஊசியால் விட்டால் நாட்பட்ட நரம்பு நோ குறையுமா என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஹார்மோன். மற்றப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுகிற வைத்தியருக்கும் தெரியாது. குப்பியில் இலக்கம் மட்டும்தான் இருக்கும். வியாழன் தோறும் ஊசி, திங்கள் தோறும் கேள்வி, எல்லாமாக ஆறு வாரம்.

அதில் சேர்ந்த ஒரே ஒரு தமிழன் மரியநாயகம். மன்னார்ப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது குறைவு. ஊரில் ஷெல் துண்டு பட்டு இடது தொடையில் காயம். காயம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் எரிவு. படுக்கைத் துணி பட்டாலே துள்ளுவான். அந்தக் காலோடு ஒரு இத்தாலிய அம்மாவின், ஒரு சிஞோராவின் வீட்டில் அவருடைய தகப்பனைப் பார்க்கிற வேலை. பாரிசவாதம் வந்த கிழவரைக் காலையில் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்க வேண்டும், மத்தியானம் கதிரையிலிருந்து கட்டிலுக்கு. வீட்டு வேலைக்கு ஆயிரம் பேர் இருந்தார்கள், கிழவரைத் தூக்க ஆள் இல்லை. அதனால்தான் மரியநாயகத்துக்கு வேலை. வேலை இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் மன்னாரில் நிற்கிற மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். எல்லாம் அவனுடைய இரண்டு காலில் நின்றது.

அந்தச் சிஞோராதான் தெரிந்த வைத்தியரிடம் சொல்லி அவனைப் பரிசோதனையில் சேர்த்துவிட்டார். கையெழுத்து வாங்குகிற அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொன்னேன். கால் விறைத்தால், பலம் குறைந்தால், சலம் போகக் கஷ்டமாக இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், உடனே ஊசியை நிறுத்துவார்கள் என்று சொன்னேன். பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர்தான் என்றும் சொன்னேன்.

அவன் சிரித்தான். "எனக்கு உப்புத்தண்ணி தராயினம் அக்கா. சிஞோரா கதைச்சுப்போட்டா."

"தம்பி, குப்பியில நம்பர் மட்டும்தான் கிடக்கு. சிஞோரா என்ன, பாப்பாண்டவர் கதைச்சாலும் ஒண்டும் நடக்காது."

"நீங்கள் சொல்லுறதைச் சொல்லுங்கோ. எனக்கு மருந்துதான்" என்று கையெழுத்துப் போட்டான்.

தொடங்கும்போது அவனுடைய இலக்கம் எட்டு. முதல் ஊசிக்குப் பிறகு ஏழு, இரண்டாவதுக்குப் பிறகு ஐந்து. ஐந்து என்று சொன்ன அன்றைக்கு அவனுடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஓர் இரவு முழுக்கப் படுத்தேன் என்றான். அந்தச் சந்தோஷத்தில், மலைமேல் கோயில் கொண்ட புனிதை சாந்தா றோசலியாவுக்கு நேர்த்தி வைத்தான். இந்த ஊரில் நம் சனம் அந்த மலைக்குப் போவது உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கத்தோலிக்கரும் போவோம், சைவக்காரி நானும் போவேன், பிள்ளை வேண்டும் என்றாலும் போவோம், பெர்மெஸ்ஸோ வேண்டும் என்றாலும் போவோம். நாலாவது ஊசிக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறுவதாக, நம் சனம் பூசைக்குக் கூடுகிற கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான்.

அந்த நாலாவது ஊசிக்கு முன்னால்தான் நான் பிழை விட்டேன்.

வியாழக்கிழமை காலை. மரியநாயகம் ஆஸ்பத்திரிச் சட்டை போட்டுக் கட்டிலில் இருந்தான். ஊசி போடுகிற இளம் வைத்தியர் கையில் பட்டியலோடு வழக்கமான மூன்று கேள்விகளையும் கேட்டார். விறைப்பு உண்டா, பலக்குறைவு உண்டா, சலம் போகிறதா? நான் மாற்றிக் கேட்டேன்.

மரியநாயகம் வைத்தியரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னான். "குதிக்கால் ரண்டும் கொஞ்சம் விறைச்சுக் கிடக்கு அக்கா. செவ்வாய்க்கிழமை துவக்கம். பஞ்சில மிதிக்கிற மாதிரி. அதைச் சொல்லிப்போடாதேங்கோ."

"என்ன கதை இது? விறைப்பு இருந்தாச் சொல்லவேணும் எண்டு வாசிச்சனான் எல்லே."

"சொன்னா நிப்பாட்டிப்போடுவினம். அஞ்சுக்கு வந்திட்டுது அக்கா. இன்னும் மூண்டு ஊசி போட்டா நான் மனிசனாயிடுவன். கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் எங்கடை ஆள்தானே."

வைத்தியர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறாராம். மற்றபடி ஒன்றுமில்லை" என்றேன்.

வைத்தியர் மூன்று இடத்திலும் 'இல்லை' என்று எழுதினார். ஊசி போட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனை தடவை யோசித்திருக்கிறேன்! எனக்குக் காய்ச்சல் வந்தபோது மீன் குழம்பு காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவன் அவன். அது ஒரு காரணம். 'எங்கடை ஆள்' என்ற அந்தச் சொல் இன்னொரு காரணம். பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் நிலையமான குவெஸ்தூராவில் வரிசையில் நிற்கும்போது, வீட்டுக்காரச் சிஞோராவுக்கு முன்னால் நிற்கும்போது, நம்மவன் ஒருவன் 'சொல்லாதேங்கோ' என்றால் நாம் சொல்ல மாட்டோம். அப்படித்தான் இந்த ஊரில் பிழைத்தோம். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்குள்ளும் கொண்டுபோனேன். வைத்தியர் குவெஸ்தூராக்காரர் இல்லை என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மலைக்குப் போனேன், சப்பாத்தோடுதான். கல் பதித்த பழைய பாதையில் பாதி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பின்னால் மரியநாயகம் வந்தான். வெறுங்கால். வெயிலில் கல் கொதித்தது. அவன் தலையைக் குனிந்து, காலை அகட்டி அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து ஏறினான். பக்தி என்று நினைத்தேன்.

"தலையை நிமித்தும் தம்பி, கடல் என்ன வடிவாயிருக்கு" என்றேன்.

"நிமிந்தா விழுந்திடுவன் அக்கா. பாக்காட்டி காலை எங்கை வைக்கிறன் எண்டே தெரியேல்லை" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன்! தன் கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிற மனிசன் எனக்கு முன்னால் நிற்கிறான், நான் பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்துக் கொடுத்தேன்.

இனித் திங்கட்கிழமை. அதற்கு முன்னால் அந்தப் பிரிவின் தலைமைத் தாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிறவர். சிரித்து நான் கண்டதில்லை. அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. திங்கட்கிழமை வருகிற நோயாளி எவராக இருந்தாலும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காட்டிய பிறகுதான் வாய் திறக்கலாம். பரிசோதனையை நடத்துகிற பேராசிரியருக்கு இது எரிச்சல். நேரம் போகிறது என்பார். "வாய் விருந்தாளி மாதிரி கதைக்கும், கால் வீட்டு ஆள்" என்பார் தாதி. அதற்கு அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. நாற்றம் பிடித்த காலுறைகளுக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பகேரியா ரயில் பிந்திவிட்டது. தலைமைத் தாதி இல்லை. பேராசிரியர் தானே வந்து மேசையில் இருந்தார். ரோமில் ஏதோ கூட்டம், அதற்கு இதுவரை வந்த இலக்கங்களைக் கொண்டுபோக வேண்டுமாம். இளம் வைத்தியர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். மரியநாயகத்தைக் கூப்பிட்டார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்ல ஆள் இல்லை.

"இலக்கம்?" என்றார் பேராசிரியர்.

"சைபர்" என்றான் மரியநாயகம். கண் மினுங்கியது.

நான் மெல்லிய குரலில், "தம்பி, உண்மையாய்த்தானோ?" என்று கேட்டேன்.

"சாந்தா றோசலியா கேட்டதைத் தந்திட்டா அக்கா. நேர்த்தி குடுத்துப்போட்டு வந்து பிறகும் நோ எண்டு சொன்னா அது நன்றி கெட்ட வேலையெல்லே. சைபர் எண்டு சொல்லுங்கோ."

சைபர் என்று சொன்னேன். பேராசிரியர் எழும்பி வந்து அவனுடைய தோளில் தட்டினார். "எட்டிலிருந்து சைபர்! எழுது, எழுது" என்றார். இளம் வைத்தியருக்கும் வாயெல்லாம் பல். அறை முழுக்கச் சந்தோஷம்.

நான் தரையைப் பார்த்தேன். தரை துடைக்கிறவளுடைய கண் அங்கேதான் போகும். காலையில் நானே துடைத்த தரை. வாசலிலிருந்து கதிரைவரைக்கும் ஒன்றுவிட்டு ஒரு அடியில் மண்ணிறமாக ஒரு கறை. அவனுடைய சப்பாத்தின் அடியைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வலது சப்பாத்து.

நோ இருந்தது இடது காலில். வலது கால் அவனுடைய நல்ல கால்.

"காலில என்ன தம்பி?"

"எங்கை? ஒண்டுமில்லையே."

"இரத்தம் வருது. நோகேல்லையோ?"

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கே அதிசயம். "இல்லையே அக்கா."

கையெழுத்துக்கு வாசித்த அந்த மூன்று கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. முதலாவதுக்கு விடை வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். மூன்றாவதைக் கேட்டேன். "சலம் போனதோ?"

முகம் கறுத்துவிட்டது. "உதையெல்லாம் கேக்காதேங்கோ அக்கா."

"நான் உம்மடை அக்காவாக் கேக்கேல்லை. போனதோ, இல்லையோ?"

"நேற்றுப் பின்னேரம் துவக்கம் இல்லை" என்றான். பிறகு அவசரமாக, "சொல்லிப்போடாதேங்கோ. கிழவரைத் தூக்காட்டி சிஞோரா என்னை வைச்சிருக்கமாட்டா. மனிசியும் பிள்ளையும் அங்கை பாத்துக்கொண்டு நிக்கினம். கால்ல விழுந்து கேக்கிறன்."

பேராசிரியர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இளம் வைத்தியர், "என்ன சிஞோரா, என்ன சொல்கிறார்?" என்றார்.

பிள்ளைகளே, எல்லாமே இந்த இடத்தில்தான். எனக்கு ஒரு சுலபமான வழி தெரிந்தது. 'காலில் வெட்டு, ஒருக்கால் பாருங்கள்' என்று மட்டும் சொல்லலாம். துடைத்துக் கட்டுப் போடுவார்கள். வியாழக்கிழமைப் பொய் வெளியே வராது. என் வேலையும் போகாது, 'காட்டிக் குடுத்தவள்' என்ற பெயரும் வராது. ஆனால் வெட்டை மட்டும் சொன்னால், வெறுங்காலோடு மலை ஏறினான், வெட்டிப்போட்டான் என்று அதோடு விட்டுவிடுவார்கள். நேற்றிலிருந்து சலம் போகவில்லை என்றால், வெட்கப்படுகிறான், வெயிலில் தண்ணீர் காணாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். பை கட்டி ரோமுக்குப் போகிற மனிசனை நிறுத்த வேண்டுமென்றால் விறைப்பு செவ்வாய்க்கிழமையே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்பதுதான். தப்புவதற்கு வேறு வழி இருக்கவில்லை, தேடினேன், உண்மையாகத் தேடினேன்.

நான் போய்க் கதவடியில் நின்றேன். பேராசிரியர் வெளியே போக ஏலாதபடி நின்றேன்.

"இவருக்கு நோ இல்லாமல் இல்லை, காலே தெரியவில்லை. இரண்டு காலும் விறைப்பு. செவ்வாய்க்கிழமையிலிருந்து. நேற்றிலிருந்து சலம் இல்லை. வியாழக்கிழமை எனக்குச் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லவில்லை." என் இத்தாலியன் அன்றைக்குக் கேவலம். வினையின் காலம், ஆண்பால் பெண்பால், ஒன்றும் சரியில்லை. ஆனாலும் விளங்கியது.

"வியாழக்கிழமை ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள்" என்றார் இளம் வைத்தியர். அவருடைய முகம் வெளிறிவிட்டது. ஊசி போட்ட கை அவருடையது.

"பொய் சொன்னேன்."

"வழியை விடுங்கள், சிஞோரா" என்றார் பேராசிரியர். "நாலு நாளுக்கு முன் ஒரு கதை, இன்று ஒரு கதை. ஆள் நடந்துதானே வந்தார்? மலையே ஏறியிருக்கிறார்."

அந்த நேரம் என் முதுகுக்குப் பின்னால் கதவு தள்ளுப்பட்டது. தலைமைத் தாதி, கோட்டும் கைப்பையுமாக, ரயிலிலிருந்து நேரே. ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். முழந்தாளிட்டு மரியநாயகத்தின் வலது சப்பாத்தையும் காலுறையையும் இழுத்தார். பாதத்தின் நடுவில் பச்சைப் போத்தல் துண்டு ஒன்று, நகத்தளவு, உள்ளே புதைந்து கிடந்தது. தாதி அதைப் பெருவிரலால் அழுத்தினார். மரியநாயகம் என்னைப் பார்த்துக்கொண்டு, "என்ன செய்யினம் அக்கா?" என்று கேட்டான்.

பேராசிரியர் பையைக் கீழே வைத்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும், அதன் பிறகு அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. தானே ஓடிப்போய் டெலிபோன் எடுத்தார். ஸ்கான் எடுத்தார்கள், மத்தியானத்துக்குள் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊசி போன இடத்தில் இரத்தம் கசிந்து கட்டிபட்டு, காலுக்குப் போகிற நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றார் வெட்டிய வைத்தியர். இன்னொன்றும் சொன்னார். கட்டியில் பழைய இரத்தமும் இருந்ததாம், புது இரத்தமும் இருந்ததாம். பழையது மூன்றாவது ஊசியில் வந்தது. புதியது நாலாவது ஊசியில் வந்தது. நாலாவது ஊசி என்னால் போடப்பட்டது.

நடைபாதை வாங்கில் இருந்து அழுதேன். தலைமைத் தாதி பக்கத்தில் வந்து இருந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"வியாழக்கிழமை உன்னிடம் என்ன சொன்னான்? அவன் சொன்னபடியே சொல்லு."

"கால் விறைக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம்."

"இந்த இரண்டையும் நீ எங்களிடம் சொல்லியிருக்கலாம். விறைக்கிறதாம், சொல்ல வேண்டாமாம். இரண்டும் அவன் வாயிலிருந்து வந்ததுதானே? இரண்டையும் நீ உன் பொக்கற்றில் போட்டுக்கொண்டாய்." எழும்பிப் போகும்போது, "நாளைக்குப் பத்து மணிக்கு வா. இரண்டு நோயாளிகள் உனக்காகக் காத்திருப்பார்கள்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வேலை செய்தேன், நீங்களும் செய்யுங்கள். வைத்தியர் வருவதற்கு முன்னாலேயே நம் ஆளிடம் சொல்லிவிடுங்கள். "நீங்கள் எனக்குச் சொல்லுற எல்லாத்தையும் நான் அவருக்குச் சொல்லுவன். சொல்லாதேங்கோ எண்டு சொன்னா, அதையும் சேத்துச் சொல்லுவன். அவருக்குத் தெரியக்கூடாது எண்டால் எனக்கும் சொல்லாதேங்கோ." சிலருக்குக் கோபம் வரும். இவளும் வெள்ளைக்காரியாகிவிட்டாள் என்பார்கள். சொல்லட்டும். கால் விறைப்பதை மறைக்க உதவுகிறவளுக்கும் நல்லவள் என்று பெயர் வரும். எனக்கு அது வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைவரை இருந்தது.

பரிசோதனை அதோடு நின்றது. மரியநாயகம் மூன்று மாதம் ஆஸ்பத்திரியிலும் கன்னியாஸ்திரிகளின் விடுதியிலும் கிடந்தான். சலம் சரிவந்தது. இடது கால் திரும்ப வந்தது, வரும்போது பழைய எரிவையும் கூட்டிக்கொண்டு வந்தது. வலது கால் முழுக்க வரவில்லை, பாதம் தொங்கும், இழுத்துத்தான் நடப்பான். சிஞோரா மூன்றாவது கிழமையே வேறு ஆள் எடுத்துவிட்டார். கோயிலில் சிலர் என்னைக் கண்டால் வாங்கில் தள்ளி இருந்தார்கள். அவனும் என்னோடு கதைக்கவில்லை. நான் சாப்பாடு கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். கோபம் சொன்னதற்கா, சொல்லாமல் விட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயம்.

பல மாதம் கழித்து, குப்பி இலக்கங்களின் பட்டியலைத் திறந்துவிட்டார்கள், யாருக்கு எது போனது என்று சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மரியநாயகம் தடியோடு வந்தான். அப்போது ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு இருக்கிற வேலை கிடைத்திருந்தது, கதிரையில் இருந்து செய்கிற வேலை. மனைவிக்கும் பிள்ளைக்குமான கடதாசிகள் ஓடிக்கொண்டிருந்தன. கதிரையில் இருந்து, ஒருவரும் கேட்காமலேயே, குனிந்து சப்பாத்து இரண்டையும் கழற்றி வைத்தான்.

இளம் வைத்தியர் தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "உங்களுக்குப் போட்டது ஹார்மோன் இல்லை. நாலு தடவையும் உப்புத் தண்ணீர். காயம் ஊசியால வந்தது."

மரியநாயகம் தன் பாதங்களைப் பார்த்தான். "அப்ப எட்டு அஞ்சாக் குறைஞ்சது? நான் விடிய விடியப் படுத்தது?"

மாற்றிக் கேட்டேன். வைத்தியர், "தெரியாது" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சாந்தா றோசலியா தந்தது என்று சொல்லலாம். உம்முடைய மனப்பலம் என்று சொல்லலாம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்த மனிசனுக்கு வெறுங்கையோடு போகாமல் ஏதாவது கிடைக்கும்.

"தெரியாதாம்" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தி, அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, என்னை நேரே பார்த்தான். "இப்ப ஒண்டையும் விடாமல் சொன்னியளோ அக்கா?"

"ஓம். ஒண்டையும் விடேல்லை."

"அப்ப இதையும் சொல்லுங்கோ. இண்டைக்கு ஏழு."

நான் வைத்தியரிடம் ஏழு என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.